பதினைந்து நாள் விலை

துணிக்கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் முட்டிபோட்டு, வாய் நிறையக் குண்டூசியோடு பொம்மையின் கோட்டுக் கையை மடித்துக்கொண்டிருந்தவள் முதலில் பார்த்தது, சொட்டச் சொட்ட நனைந்த ஒரு ஜோடி ஷூவைத்தான். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். மழையில் ஊறிய தலைமுடி... நெற்றியில் வழிகிற தண்ணீரைத் துடைக்கவும் மறந்த ஒரு முகம்... சிரிக்கலாமா வேண்டாமா என்று அனுமதி கேட்கிற இரண்டு கண்கள்.

"இந்தக் கோட்டு வேணும்," என்றான்.

வாயைத் திறந்தால் குண்டூசி வயிற்றுக்குள் போய்விடும். அவள் விரலால் பின்னால் இருந்த ரேக்கைக் காட்டினாள். அதே கரும்பச்சைக் கம்பளிக் கோட்டு அங்கே இருபது தொங்கிக்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை. பொம்மை போட்டிருப்பதுதான் வேண்டும் என்றான், கண்டதும் அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி.

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு அவள் சொன்னாள். "தள்ளுபடி முடியற வரைக்கும் ஷோகேஸ்ல இருக்கறதை எடுக்கக்கூடாது சார். எல்லாம் ஒரே கோட்டுதான்."

"ஒரே கோட்டு இல்லைங்க. இதுல மூணாவது பட்டன் கையால தச்சது. மத்ததெல்லாம் மெஷின் தையல்... ரெண்டே மாசத்துல உதிர்ந்துடும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது பட்டன் விழுந்து, அதை இதே கூண்டுக்குள் உட்கார்ந்து அவள் தைத்து இரண்டு மாதம் ஆகிறது. கடையிலேயே யாருக்கும் தெரியாது. கோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? கேட்டாள். தனக்குக் கண் கொஞ்சம் கூர்மை என்று மழுப்பினான். காது மடல் மட்டும் ஏனோ சிவந்தது.

என்ன நினைத்தாளோ, பொம்மையைச் சட்டென்று திருப்பிக் கோட்டைக் கழற்றினாள். மூன்று வருடத்தில் அவள் கடை விதியை மீறியது அதுதான் முதல் தடவை. விலை அட்டையோடு மடித்துக் கொடுக்கும்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"நிஜமாவே பாதி விலைதானா?"

சிவப்பு அட்டையில் எட்டாயிரம் என்று எழுதி அடித்து, கீழே நாலாயிரம் என்று போட்டிருந்தது. அவள் கையெழுத்துதான். கடையில் முத்து முத்தாக எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் விலை அட்டை வேலை அவளிடம் வந்திருந்தது.

"நிஜம்தான் சார். போன வாரம் வந்திருந்தீங்கன்னா எட்டாயிரம்," என்றாள். எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம், நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். தலையை ஆட்டினான். சிரித்தான் என்றும் சொல்ல முடியாது, சிரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். அவள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே விளக்கு எரிகிறபோது வெளியே ஒன்றும் தெரியாது. தன் முகம்தான் தெரிந்தது... அதைப் பார்க்க அன்று அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் அந்தக் கோட்டு எட்டாயிரம் என்பது பொய்யே இல்லை. எங்கே எட்டாயிரம் என்பதில்தான் சூது. மூன்று மாதமாக அந்தக் கோட்டு நாலாயிரத்துக்குத்தான் விற்றது. தள்ளுபடிக்குப் பதினைந்து நாள் முன்னால் அத்தனை கோட்டையும் அவள்தான் மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஈ காக்கை எட்டிப் பார்க்காத ஒரு மூலை. அங்கே எட்டாயிரம் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைப்பார்கள். நாளைக்கு யாராவது கேட்டால், முன்பு எட்டாயிரம் விலை இருந்தது என்பதற்கு அத்தாட்சி. பதினைந்து நாள் கழித்து எல்லாம் கீழே இறங்கும், சிவப்பு அட்டையோடு. ஜனங்கள் விழுந்தடித்து அள்ளுவார்கள்.

எல்லாத் தள்ளுபடியும் இப்படியா என்றால் இல்லை. பழைய சரக்கு, சாயம் போனது, ஒற்றை அளவில் தேங்கியது... அதெல்லாம் நிஜமாகவே பாதி விலைக்குத்தான் போகும். ஆனால் அதை ஷோகேஸில் வைக்க மாட்டார்கள்.

முதல் வருடம் இது அவளுக்கு உறுத்தியது. கடையின் மேற்பார்வையாளர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. அப்பா படுத்த படுக்கையான சமயத்தில் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். நாம பொய் சொல்லலியேம்மா, பதினஞ்சு நாள் அந்த விலையில தொங்கிச்சுல்ல என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நன்றிக்கடன் வாயை அடைத்தது. இரண்டாம் வருடம் பழகிவிட்டது.

மறுநாள் மாலை குடை கம்பி உடைந்தது. வழக்கமாக நடந்தே வீட்டுக்குப் போகிறவள், கடைக்கு எதிரே நின்ற பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள். ஏறியவள் படியிலேயே நின்றுவிட்டாள். டிரைவர் இருக்கையில், மேலே இருந்த கண்ணாடிக்குள், அதே இரண்டு கண்கள்... இன்று அனுமதி கேட்காமலே சிரித்தன.

அவன் பஸ் ஓட்டுகிறவனா!

நெஞ்சுக்குள் என்னவோ குதித்தது. குதித்தது தரையைத் தொடுவதற்குள், டிரைவருக்குப் பின் இருக்கையில் ஒரு கரும்பச்சைக் கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்குள் ஒல்லியான ஓர் அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம் ஓர் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு அட்டை. அதில் அவளுடைய முத்து முத்தான கையெழுத்து.

"அம்மா, கோட்டு எடுத்துக் குடுத்தவங்க இவங்கதான்," என்று டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

அவ்வளவுதான். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சூடான, கெட்டியான உள்ளங்கை. சலவைக்கூடம் ஒன்றில் முப்பது வருடமாக இஸ்திரி போடுகிறாராம், தினமும் மாலை மகன் வண்டியில்தான் வீடு திரும்புகிறாராம். ஊரார் கோட்டையெல்லாம் தேய்த்து மடித்திருக்கிறாராம், தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டதே இல்லையாம். முழு விலை கொடுத்து வாங்கினால் இந்தப் பையனோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாராம். இப்போது பாதி விலை என்பதால்தான் போட்டுக்கொள்ளவே மனசு வந்ததாம்.

"எட்டாயிரம் கோட்டும்மா. என் ஜென்மத்துல நெனச்சிருப்பேனா? சலவைக்கூடத்துல அத்தனை பேர்கிட்டயும் அட்டையைக் காட்டிட்டேன். எடுக்கக்கூடாத இடத்துலேர்ந்து நீ எடுத்துக் குடுத்தியாமே... நல்லா இருப்பே தாயி."

தீயை மிதித்த மாதிரி இருந்தது அவளுக்கு. கன்னம் எரிந்தது, காது எரிந்தது. அந்த உள்ளங்கையிலிருந்து தன் கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று தெரியவில்லை. நிமிர்ந்தால் கண்ணாடியில் அவன் கண்கள்... குனிந்தால் மடியில் அந்த அட்டை. தன் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி மழையில் நடந்தாள். அந்த மழை இன்னும் கொஞ்சம் பலமாகப் பெய்திருக்கலாம் என்று நினைத்தாள்.

சொல்லிவிட வேண்டும்! படுக்கையில் புரண்டு புரண்டு அந்த ஒரு முடிவுக்கு வந்தாள். சொன்னால் அந்தக் கண்கள் இனி அவளைப் பார்த்துச் சிரிக்காது. சொல்லாவிட்டால் அந்தக் கண்களை அவளால் பார்க்க முடியாது.

மறுநாள் மதியம் எதிர் நிறுத்தத்தில் பன்னிரண்டாம் நம்பர் ஐந்து நிமிடம் நிற்கும் நேரத்தில் சாலையைக் கடந்து போனாள். டிரைவர் பஸ்ஸுக்கு வெளியே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது மாடி, பதினைந்து நாள், படம்... எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். கோட்டு நாலாயிரம்தான், தள்ளுபடி ஒன்றுமே இல்லை என்று முடித்தாள்.

அவன் பாட்டிலை மூடினான். "தெரியுங்க," என்றான்.

"என்ன தெரியும்?"

"மூணு மாசமா நாலாயிரம்தானே. வண்டியை இங்கதான் தினம் நாலு தடவை நிறுத்தறேன். அட்டையில எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கும்... இங்கிருந்தே படிக்கலாம். நடுவுல பதினஞ்சு நாள் காணாமப் போச்சு. எட்டாயிரம்னு எழுதி அடிச்சு திரும்பி வந்துச்சு."

அவள் எதிரே இருந்த கண்ணாடிக் கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது... சிரித்தும் சிரிக்காத சிரிப்பு.

"தெரிஞ்சுகிட்டேதான் என்கிட்ட நிஜமாவான்னு கேட்டீங்களா? நான் பொய் சொல்றதை நின்னு வேடிக்கை பார்த்தீங்களா?"

"இல்லைங்க, அது..."

அவள் கேட்கவில்லை. மானம் கப்பலேறிவிட்டது அவளுக்கு. பொய் சொன்னது ஒரு வெட்கம், அதை அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்பது வெட்கம். ஹாரன் அடிக்கிற கார்களுக்கு நடுவே சாலையைக் கடந்து, கூண்டுக்குள் போய், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே அடுத்த வேலை வந்தது. அடுத்த மாதத் தள்ளுபடிக்குப் போர்வைகளை மூன்றாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். அட்டைக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனா நகரவில்லை. சித்தப்பாவிடம் போய், இனிமேல் விலை அட்டை எழுத மாட்டேன் என்றாள். அவர் முதலில் கொஞ்சினார், பிறகு கோபித்தார். "பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு" என்றார். கடைசியில், சூரிய வெளிச்சமே வராத கீழ்த்தளத்தில் பார்சல் கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார். அவள் தலையாட்டினாள். நாலு நாள் சணல் கயிற்றோடு மல்லுக்கட்டினாள். விரல் எரிந்தது, மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் அந்த அம்மாவின் பையில் இன்னும் அவளுடைய சிவப்பு அட்டை இருந்தது.

மகனுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாதே!

ஐந்தாம் நாள் மாலை பன்னிரண்டாம் நம்பரில் ஏறினாள். கண்ணாடியைப் பார்க்காமல் நேரே போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டு நிறுத்தம் வந்தது, போனது. கூட்டம் குறைந்தது. கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்று எல்லோரும் இறங்கிய பிறகுதான் அவளுக்கு வாய் திறந்தது. குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். உங்களை ஊர் முன்னாடி ஏமாளி ஆக்கிட்டேன், மன்னிச்சிடுங்கம்மா என்றாள். முன்னால் டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தான்.

அந்த அம்மா பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு கோட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மொதல் நாளே கை சொல்லிச்சு, இது நாலாயிரம் துணிதான்னு. முப்பது வருஷமா துணியைத் தொட்டுக்கிட்டு இருக்கிற கை. நான் கையை நம்பாம அட்டையை நம்பினேன்... எட்டாயிரம்னு நம்பணும்போல இருந்துச்சு. வெக்கக்கேடு எனக்கும்தான்."

அப்புறம் என்னவோ தோன்றி நிமிர்ந்தார். "அப்படின்னா... என் பையன் எனக்கு முழு விலை குடுத்தா வாங்கியிருக்கான்?"

டிரைவரின் கழுத்து சிவந்தது. "நீ போட்டுக்க மாட்டியேம்மா. அதான் அட்டையோடயே குடுத்தேன்," என்றான், திரும்பாமல்.

அந்த அம்மா அட்டையை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோட்டின் பட்டனை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டார், மூன்றாவதை மட்டும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். முழு விலைக் கோட்டு மழைக்குத் தாங்குதான்னு பார்க்கிறேன், நீங்க மெதுவா வாங்க என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். உலகம் தெரிந்தவர்.

பஸ்ஸுக்குள் மழைச் சத்தம் மட்டும்...

"அன்னிக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன்னா..." என்று ஆரம்பித்தான் டிரைவர். இருக்கையை விட்டு எழுந்து வந்தவன் உட்காரத் தைரியம் இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வேடிக்கை பார்க்க இல்லீங்க. மூணு மாசமா தூரத்துலேர்ந்தே பார்க்கறேன். நீங்க பட்டன் தைக்கறது, பொம்மைக்குத் தலை வாரறது, தனியா பேசிக்கறது... உள்ள வந்து நின்னா உங்ககிட்ட பேச எனக்குத் தெரிஞ்சது அந்த விலை ஒண்ணுதான். அதைக் கேட்டுட்டேன். கேட்டு உங்களைப் பொய் சொல்ல வச்சுட்டேன். நாலு நாளா சாப்பாடு இறங்கல."

"அஞ்சு நிமிஷம் நிக்கிற வண்டிலேர்ந்து இவ்வளவா பார்த்தீங்க?"

"எட்டு நிமிஷம் நிறுத்துவேன். லேட்டா எடுக்கறேன்னு ரெண்டு மெமோ வந்துடுச்சு."

அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தது அவளுக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி அந்தக் கூண்டில் தான் இருக்க மாட்டேன், கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள்.

"தெரியும். நாலு நாளா வண்டி கரெக்டா டைமுக்குப் போகுது."

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள். முதல் தடவையாக.

"மூணு வருஷமா எத்தனையோ பேர்கிட்ட அதே பொய்யைச் சொல்லியிருக்கேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கியிருக்கேன். அதை நெனச்சா இப்பவும் கூசுது. உங்ககிட்ட சொன்னது மட்டும் தொண்டையிலேயே நின்னுடுச்சு... ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?" என்றான்.

"பிடிச்சவங்ககிட்ட சொன்னா அப்படித்தான் நிக்கும்போல..."

மறுநாள் மாலை பன்னிரண்டாம் நம்பர் பஸ் கடை நிறுத்தத்திலிருந்து மூன்று நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. பார்சல் கட்டுகிறவர்களுக்கு வேலை முடியக் கொஞ்சம் நேரம் ஆகும்.