வெள்ளிக்கிழமை அலாரம் ஊமை!

வியாழக்கிழமை மத்தியானம். டெலிபோன் அலறியது!

பாமா தயிர்சாத டப்பாவை மூடி வைத்தாள். லண்டன் கவுன்சில் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் வரும் போன் நல்ல செய்தி சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

"ஹலோ... தீப் பாதுகாப்புப் பிரிவு."

"பாமா பிள்ளையோ? நான் தியாகராஜா. நோர்பரி வீட்டுக்காரன்."

"சொல்லுங்க ஐயா."

"என்ர வீட்டில புதுக் கதவுகள் போட்டதெல்லோ... நெருப்புத் தாங்கும் எண்டு நீங்கள் சான்றிதழ் குடுத்த கதவுகள்..."

"ஆமா. அதுக்கென்ன?"

"அவ்வளவும் பொய் பிள்ளை! கோட்டுக் கொளுவ நேற்று ஒண்டில ஆணி அடிச்சனான். உள்ளுக்குள்ள வெறும் காட்போட் மட்டை!"

பாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கதவுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தது அவள் இல்லை. ஆனால் அந்த வீட்டின் மாடியில் குடியிருப்பவர்களை அவளுக்குத் தெரியும்.

"யார் பண்ணின வேலை ஐயா? கான்ட்ராக்டர் இராஜேந்திரனா?"

"போனில பேர் சொல்ல மாட்டன். திங்கட்கிழமை அமைச்சில இருந்து ஒருத்தர் வாறாரெல்லோ, கவுன்சில் செய்விச்ச வேலையளைப் பாக்க... அந்தாளுக்கு முன்னால சொல்லுறன். கேட்டியளெண்டா ஆடிப்போவியள்!"

லைன் அறுந்தது.

அடுத்த மேஜையில் மேலதிகாரி முருகேசன். மதுரைக்காரர். தமிழ் பேசும் ஒரே சக ஊழியர் என்பதால் பாமாவுக்கு அவரிடம் தனிப் பாசம். போன வாரம்தான் பிரைட்டனில் நடந்த தீப் பாதுகாப்பு மாநாட்டுக்குப் போய்வந்து, ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்திருந்தார்.

விஷயத்தைக் கொட்டினாள்.

"கிழவர் ஏதோ உளர்றாரும்மா..." என்றார் முருகேசன், மிட்டாயை வாயில் ஒதுக்கியபடி. "நீ சாப்பிடு. திங்கட்கிழமை பேசட்டும், பாத்துக்கலாம்."

தியாகராஜா திங்கட்கிழமை பேசவில்லை.

வெள்ளிக்கிழமையே பிணமாகிவிட்டார்!

* * *

நோர்பரி வீட்டு வாசலில் போலீஸ் கார். கீழ்த்தளம் முழுக்கக் கருகிய கம்பளி நாற்றம்.

பின்னறையில்தான் தியாகராஜா தனியாக வசித்தார். அறையின் நடுவே ஹீட்டர். அதன்மேல் பாதி எரிந்த போர்வை. தீ பெரிதாகப் பரவவில்லை. புகைதான் ஆளைக் கொன்றிருந்தது.

கதவில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டை ஓரத்தில் கருகிய காட்போட் மட்டை!

'பெரியவர் சொன்னது நிஜம்...'

"அலாரம் ஏன் அடிக்கவில்லை தெரியுமா?" சார்ஜென்ட் இங்கிலீஷில் கேட்டுவிட்டு, ஹாலின் கூரையைக் காட்டினார்.

பாமா நிமிர்ந்து பார்த்தாள்.

வட்டமான புகை அலாரம். அதன்மேல் இறுக்கமாக மாட்டிய பிளாஸ்டிக் கவர். குளிக்கும்போது பெண்கள் தலையில் போடுவார்களே, அது! வெள்ளைக் கவர், புகை படிந்து பாதி கறுத்திருந்தது.

"பாத்தியா பாமா?" பின்னாலிருந்து குரல்.

முருகேசன்! அவளுக்கு முன்பே வந்திருந்தார்.

"மாடியில இருக்கிற பொண்ணு வெள்ளிக்கிழமைன்னா சாம்பிராணி போடும். அலாரம் கத்தக்கூடாதுன்னு கவரை மாட்டும். போன மாசம் அலாரம் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தப்போ நாமளே பாத்தோமே!"

பாமாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றும் வெள்ளிக்கிழமை. தியாகராஜா, இராஜேந்திரன், முருகேசன், அவள்... நாலு பேரும் இதே இடத்தில் அண்ணாந்து நின்றார்கள். மாடியிலிருந்து சாம்பிராணித் தட்டோடு ஓடிவந்த சிவமலர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சாமிப் புகைக்கே இது நாய் மாதிரிக் குலைக்குது அக்கா! புகை அடங்கினோடன கழட்டிப் போடுவன்..."

பாமா திட்டினாள். மற்ற மூவரும் சிரித்தார்கள்.

சிரித்த மூவரில் ஒருவர் இப்போது வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தார்.

"இது வெறும் விபத்து இல்லை, மேடம்," என்றார் சார்ஜென்ட். "காலையில் மாடியில் இருக்கும் பெண்ணின் புருஷன் யோகலிங்கம் வீட்டுக்காரரோடு கத்திச் சண்டை போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். மத்தியானம் எங்கே இருந்தாய் என்றால், வேறு அறை தேடி அலைந்தேன் என்கிறான். சாட்சி இல்லை. கைது செய்துவிட்டோம்."

மாடிப்படியில் ஒரு கேவல்.

சிவமலர்! கைப்பிடியைப் பற்றியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கதவு சரியில்லையெண்டுதான் சண்டை பிடிச்சவர் அக்கா! ஆளைக் கொல்லுற மனுசனோ அவர்?"

"அழாதீங்க..."

"அவரின்ர அகதிக் கேஸ் இன்னும் ஹோம் ஒபிசில கிடக்குது. கொலைக் கேஸ் விழுந்தால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்! அங்க இப்ப என்ன நடக்குதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் அந்தப் பதிலைத் தெரியாத தமிழர் லண்டனில் யார்?

ஆனாலும் சந்தேகம் பொல்லாதது. யார் முகத்தையும் விட்டுவைக்காது.

"சிவமலர், உண்மையைச் சொல்லுங்க. இன்னைக்கு அந்தக் கவரை மாட்டினது நீங்கதானே?"

"இல்லை அக்கா!"

"வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போட்டிருப்பீங்க. கழட்ட மறந்துட்டீங்க. அப்படித்தானே?"

"நான் சாம்பிராணியே போடேல்லை! கடைக்குப் போகேக்க அலாரத்தில ஒண்டும் இல்லை. திரும்பி வந்தால் வீடு முழுக்கப் புகை..."

"இதை யார் நம்புவாங்க?"

சிவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மேல வாங்கோ. வந்து பாருங்கோ."

* * *

மாடியில் ஒரே அறை. கட்டில், அடுப்பு, சாமி எல்லாம் அதற்குள்தான்.

சாமித் தட்டு இருந்த மூலையைப் பழைய சேலை ஒன்று மூடியிருந்தது.

"துடக்கு அக்கா."

"துடக்குன்னா... எங்க ஊர்ல தீட்டுன்னு சொல்வோமே, அதுவா?"

"ஓம். இவரின்ர பெரியப்பா ஊரில மோசம் போயிட்டார். செவ்வாய்க்கிழமை கொழும்பால செய்தி வந்தது. அந்திரட்டிக் கிரியை முடியுமட்டும் விளக்குமில்லை, சாம்பிராணியுமில்லை. சாமியை மூடியாச்சு."

பாமாவின் மூளைக்குள் பளிச்சென்று ஒரு விளக்கு!

சாம்பிராணி இல்லாத வீட்டில் கவர் எதற்கு?

'யாரோ வேணும்னே மாட்டியிருக்காங்க... இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பழி இவங்க மேல தானா விழும்னு!'

படியில் தடதடவென்று காலடி. கதவு திறந்தது.

இராஜேந்திரன்!

கதவு போட்ட அதே கான்ட்ராக்டர். சிவந்த கண்கள். சவரம் செய்யாத முகம். நாலு நாள் தலைமறைவாகத் திரிந்தவனைப் போல இருந்தான்.

"தங்கச்சி... யோகனைப் பிடிச்சுப் போட்டாங்களாமே?"

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க!" பாமா வழியை மறித்தாள். "காட்போட் கதவு போட்டது நீங்கதானே?"

இராஜேந்திரனின் முகம் வெளிறியது.

"அ... அது..."

"பெரியவர் திங்கட்கிழமை உங்க பேரைச் சொல்லப் போறார்னு பயந்தீங்க. அலாரத்தை மூடினீங்க. ஹீட்டர் மேல போர்வையைப் போட்டீங்க!"

"ஐயோ! கதவு போட்டது உண்மை. அதுக்கு என்னை மறியலில போடுங்கோ. ஆனால் தியாகண்ணையை நான் கொல்லேல்லை!"

"கவர் விஷயம் தெரிஞ்ச ஆள் நீங்க. வெள்ளிக்கிழமை மாட்டினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு..."

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ," சிவமலர் குறுக்கே வந்தாள். "இராசண்ணைக்கும் துடக்குத்தான்."

"என்ன?"

"ஊரில செத்துப்போனவர் இவருக்கும் பெரியப்பா. இவரும் என்ர மனுசனும் சகோதரங்களின்ர பிள்ளையள். செய்தியைக் கொண்டுவந்ததே இவர்தான். சாமிக்கு இந்தச் சேலையைக் கட்டினதும் இவர்தான்! அதுதான் முகமும் வழிக்கேல்லை."

பாமா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

நாலு நாள் தாடி! தலைமறைவுத் தாடி இல்லை... துக்கத் தாடி!

இந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணி கிடையாது என்று இராஜேந்திரனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவன் கவர் மாட்டுவானா? தானே போய் மாட்டிக்கொள்வதற்குச் சமம்!

அப்படியானால்... கவர் வழக்கம் தெரியும், துடக்கு தெரியாது. அப்படி ஓர் ஆள்.

அன்று கூரையைப் பார்த்து அண்ணாந்து நின்றது நாலு பேர். ஒருவர் செத்துவிட்டார். ஒருவருக்குத் துடக்கு. இன்னொருத்தி அவளே.

தியாகராஜா போன் செய்த விஷயத்தை அவள் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள்!

"சிவமலர்... உங்க கவர் இப்ப எங்கே?"

சிவமலர் சேலைக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தாள். சாம்பிராணிப் பெட்டியோடு மடித்து வைத்த கவர். ரோசாப்பூப் படம் போட்டது!

கீழே கூரையில் இருந்ததோ... வெறும் வெள்ளை!

* * *

கீழே ஹாலில் முருகேசன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"போலாமா பாமா? பாவம், முடிஞ்சது கதை."

"ஒரு நிமிஷம் சார்." பாமா சார்ஜென்டின் பக்கம் திரும்பினாள். "இந்த வீட்டுப் பெண்ணின் கவர் என் கையில் இருக்கிறது. மேலே இருப்பது யாருடையது?"

சார்ஜென்டின் புருவம் உயர்ந்தது. கையுறை மாட்டினார். நாற்காலியில் ஏறினார். வெள்ளைக் கவரைப் பதமாகக் கழற்றினார்.

"என்னம்மா இது, சின்னப்புள்ளத்தனமா?" முருகேசன் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. "வெள்ளிக்கிழமை. சாம்பிராணி. கவர். அவ்வளவுதானே?"

"இந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணி கிடையாது சார். வீட்ல தீட்டு."

"தீ... தீட்டா?"

"ஆமா. சாமியையே சேலை போட்டு மூடியாச்சு. உங்களுக்குத்தான் யாரும் சொல்லலை!"

முருகேசன் வாசல் பக்கம் பார்த்தார்.

சார்ஜென்ட் கவரின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "ஏதோ ஓட்டல் பெயர் அச்சடித்திருக்கிறது... பிரைட்டன்!"

பாமா முருகேசனைப் பார்த்தாள்.

"ஓட்டல் கவர் யார்கிட்டேயும் இருக்கும்!" முருகேசன் கத்தினார்.

"இருக்கும் சார். ஆனா போன வாரம் அந்த ஊர் மாநாட்டுக்குப் போன ஆள் இந்த ஹால்ல நீங்க மட்டும்தான்."

"வெளிப்பக்கம்தான் புகை," என்றார் சார்ஜென்ட் மெதுவாக. "உள்பக்கம் படு சுத்தம். கைரேகை அழகாகக் கிடைக்கும்."

படியில் நின்ற இராஜேந்திரன் இரண்டே எட்டில் கீழே வந்தான்.

"நானும் சொல்லிப் போடுறன்! 'மட்டைக் கதவைப் போடு, சான்றிதழ் நான் தாறன்' எண்டது இவர்தான்! தியாகண்ணை சொல்ல இருந்த பேரும் இதுதான்!"

முருகேசன் சுவரில் சாய்ந்தார். கோட்டுக்குள் ஆள் சுருங்கிப்போனார்.

"பேசித் தீக்கலாம்னுதான் வந்தேன் பாமா... என் வேலை, என் மானம் எல்லாம் போயிடும்னு கெஞ்சினேன். கிழவர் கேக்கலை. 'திங்கட்கிழமை பாப்பம்'னு சொல்லிட்டு, தூக்க மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துட்டாரு. அப்பதான்... ஏதோ புத்தி பிசகி..."

"பேசித் தீர்க்க வந்தவர் பாக்கெட்ல குளியல் கவர் எதுக்கு சார்?"

பாமா எல்லாவற்றையும் சார்ஜென்டுக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

பாமாவுக்கு அழுகை முட்டியது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மிட்டாய் நீட்டிய கை! அந்தக் கையை நம்பித்தான் பெரியவரின் உயிரை அவள் எடுத்துக் கொடுத்திருந்தாள். மாடியில் ஒரு குடும்பம் வேறு இருந்தது. சிவமலர் கடைக்குப் போயிருக்காவிட்டால்?

சார்ஜென்ட் வயர்லெஸ்ஸை எடுத்தார். "ஸ்டேஷனா? யோகலிங்கத்தை வெளியே விடுங்கள். வேறு ஆளைக் கூட்டி வருகிறேன்."

சிவமலர் பாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சேலை மூடிய சாமி இருந்த மாடியைப் பார்த்தாள். கும்பிட முடியாத நாள். கண்ணீர் மட்டும் வழிந்தது.

கையில் விலங்கோடு வாசற்படி இறங்கிய முருகேசன் ஒரு முறை திரும்பினார்.

"பாமா... திங்கட்கிழமை அமைச்சு ஆள் வர்றாரு. கதவைப் பத்திக் கேப்பாரு. யார் பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன் சார். நீங்க கவலைப்படாம போங்க..."

பாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"நீங்க போற கட்டடத்துல கதவெல்லாம் அசல் இரும்பு. தீயே பிடிக்காது!"