பேரும் நாளும்

இலையப்பப் பொதிக்கு அடியில் ஓர் ஆண் சட்டை இருந்தது. தேய்த்து, நான்காக மடித்து, கூடவே ஒரு வேட்டியும். கைக்குட்டை எடுக்க அக்காவின் பைக்குள் விட்ட ஆனந்தலட்சுமியின் விரல்கள் அந்த மடிப்பில் பட்டு நின்றன. அம்மிணி அக்காவின் வீட்டில் சட்டை போடுகிற ஆள் இப்போது யாரும் இல்லை.

"இது யாருக்கு அக்கா?"

"மழ கிழ வந்தா தலைக்குப் போடலாமுண்ணுதான்" என்றாள் அம்மிணி, பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

மீன மாதத்து வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. ஆனாலும் ஆனந்தம் மேலே கேட்கவில்லை. ஒரு வருடமாக எல்லோரும் அக்காவிடம் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார்கள். போன மீனத்தில் ஒரு சாயங்காலம், பாட்டுக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று படி இறங்கிய அத்தான் கைலாசநாதன் இன்றுவரை திரும்பவில்லை. பம்பாயில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், கூட ஒரு பெண் இருந்ததாக இன்னொருவர் சேர்த்தார். ஊர் வாய்க்கு அவல் கிடைத்தால் போதாதா?

அந்த அக்காவே வலிய வந்து, "நீ பாட்டுக் கேட்டு எத்தன வருசமாச்சு மக்கா, வா போவோம்" என்று கூப்பிட்டபோது ஆனந்தத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் ஆனந்தம் பாடுவாள், அம்மிணி பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவாள். மாமியாருக்குப் பாட்டு ஆகாது. பதினோரு வருடமாக அவளுடைய பாட்டெல்லாம் குளியலறையோடு சரி.

நெய்யாற்றின்கரைக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி ஆற்றோரமாக நடந்தால் அந்த மிருகசாலை. எந்தக் காலத்திலோ பெரிய குடும்பத்துத் தறவாட்டுக்காரர் ஒருவர் ஆசைக்குக் கூடு கட்டி மிருகம் வளர்த்த தோட்டம். வருடத்தில் ஒரே ஒரு மாலை அங்கே கச்சேரி. அனுமதி இலவசம் என்று வாசலில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கீழே ஒரு மேஜை, மேஜைமேல் துண்டுச் சீட்டுகள், பின்னால் சட்டையில்லாமல் சந்தனம் பூசிய ஒரு மனிதர்.

"பேரும் நாளும் சொல்லணும்" என்றார்.

கோயிலில் வழிபாட்டுக்குச் சீட்டு எழுதும்போது கேட்பதுதான். நட்சத்திரத்தை அந்தப் பக்கத்தில் நாள் என்றுதான் சொல்வார்கள்.

"பாட்டுக் கேக்கதுக்கு நாளு எதுக்கு?"

"இடையில பேரு விளிப்போம். விளிச்சவங்களுக்கு ஒரு காரியம் உண்டு."

ஏதோ பரிசு என்று நினைத்துக்கொண்டாள். "ஆனந்தலட்சுமி, பூசம்" என்று யோசிக்காமல் வாயில் வந்தது. பொய்தான். அவள் பிறந்தது ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று வந்த வரன்கள் எல்லாம் நழுவிப் போக, அம்மா ஒரு ஜோசியரைப் பிடித்துப் பிறந்த நேரத்தைச் சற்று முன்னே தள்ளி அவளைப் பூசமாக்கிக் கல்யாணத்தை முடித்தாள். அம்மாவும் போய்விட்டாள், ஜோசியரும் போய்விட்டார். புருஷன் சபரிநாதனுக்குக்கூடத் தெரியாது. உண்மை தெரிந்தவள் அம்மிணி ஒருத்திதான். மாதாமாதம் ஆயில்யத்தன்று பாம்புக் காவில் தங்கையின் பேரையும் சரியான நாளையும் சொல்லி நாகருக்குப் பால் வைத்து, மஞ்சள்பொடியை இலைத்துண்டில் மடித்து யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து கையில் வைப்பாள். இந்த உலகத்தில் ஆனந்தம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது அந்த இலைத்துண்டு ஒன்றைத்தான்.

அம்மிணியிடம் அந்த மனிதர் எதுவும் கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்து உள்ளே விட்டார்.

உள்ளே நாற்றம் இல்லை. மிருகசாலை என்றால் வாசலிலேயே மூத்திரமும் வைக்கோலும் அழுகின இறைச்சியும் மூக்கில் அடிக்க வேண்டாமா? கழுவிவிட்ட சிமென்டின் ஈர வாசனையும் ஊதுபத்தியும் மட்டும் இருந்தன. மேடைக்கு இடதுபுறம் வரிசையாகக் கூடுகள், எல்லாம் பச்சைத் தார்ப்பாயால் மூடிக் கிடந்தன. ஒரு குரங்கு கத்தவில்லை, ஒரு கிளி சிறகடிக்கவில்லை. ஆற்றிலிருந்து எழும்பிய காற்று தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

பாட்டு தொடங்கியதும் அவள் எல்லாவற்றையும் மறந்தாள். பாடகர் சொல்லே இல்லாமல் ராகத்தை மட்டும் இழுத்தார். ஒரு குரலுக்குள் பல குரல்கள் இழைவதுபோல் இருந்தது. வெயில் மெல்ல இறங்கி, மாமரங்களின் நிழல் நாற்காலிகளின்மேல் நீண்டு படிய, பதினோரு வருடமாகத் தொண்டையில் கட்டி நின்ற எதுவோ கரைந்து கண் வழியே வழிந்தது. பக்கத்தில் அக்காவின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. இப்படியே செத்தாலும் சரி என்றுகூட நினைத்தாள். பாடகரின் வாயசைவுக்கும் பாட்டுக்கும் ஒரு மயிரிழை பிசகு இருந்தது. மைக் செட் கோளாறாக இருக்கும்.

ராகம் நின்றது. சந்தனம் பூசியவர் மேடையேறி முதல் சீட்டைப் பிரித்தார்.

"பொன்னப்பன், கார்த்திகை."

பாறசாலைச் சந்தையில் குடை ரிப்பேர் செய்கிற பொன்னப்பன். சற்றுமுன் அவளைப் பார்த்துச் சிரித்தவர். எழுந்தார். செருப்பை விட்டுவிட்டு, தூக்கத்தில் நடக்கிறவர்போல் நேராகப் போய்த் தார்ப்பாய்க்குள் நுழைந்தார். கம்பிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு தார்ப்பாயின் அடியிலிருந்து ஓர் இளைஞன் வெளியே வந்தான். தவழ்ந்து வந்தான். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. பொன்னப்பனின் மனைவி ஓமனா ஓடிப்போய்ப் பையிலிருந்து கைலியை எடுத்து அவன் இடுப்பில் சுற்றினாள்.

"வா மோனே ஜெயா. வீட்டுக்குப் போவோம்."

புருஷனின் நாற்காலியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் ஆனந்தம் கவனித்தாள். ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். ஜோடிக்கு ஒருவர் மடியில் ஒரு பை. பையின் வாயில் மடித்த துணி.

அக்காவின் மடியிலும்.

"அக்கா, எழும்பு. போவோம்."

"இரு மக்கா. இப்பதானே தொடங்கினாங்க."

"அக்கா, அந்தச் சட்ட யாருக்கு?"

அம்மிணி மடித்த துணியைப் பைக்குள் இன்னும் அழுத்தினாள். மேடையில் அடுத்த சீட்டு பிரிந்தது.

"ஆனந்தலட்சுமி, பூசம்."

நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். எதுவோ வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, அவள் முகத்தருகே வந்து மோந்து பார்த்து, ஆள் இதுவல்ல என்பதுபோல் விலகிப் போனது. கால்கள் அசையவில்லை. இரண்டாம் முறை விளித்தார். மூன்றாம் முறையும் விளித்தார். ஒன்றும் ஆகவில்லை. அம்மா சொன்ன பொய் அவளைக் காத்து நின்றது. செத்துப்போன அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

சந்தனம் பூசியவர் சீட்டைத் தாழ்த்தி, இவர்கள் வரிசையைப் பார்த்தார்.

அம்மிணி எழுந்தாள். "நீ இங்கன இரி. நான் பேசிட்டு வாறேன்."

ஆனந்தத்துக்கு உயிர் திரும்பியது. அக்கா இருக்கிறாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டு நாய் துரத்தியபோது குறுக்கே விழுந்து கடி வாங்கியவள் அக்கா. போய் நாலு வார்த்தை கேட்பாள், தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்குவாள். பையை நெஞ்சோடு அணைத்தபடி அக்கா மேடையேறுவதை அவள் பார்த்தாள். சந்தனம் பூசியவர் பேனாவை நீட்டினார்.

அக்கா வாங்கினாள்.

சீட்டில் ஒரு சொல்லை அடித்தாள். ஒரு சொல்லை எழுதினாள். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"ஆனந்தலட்சுமி, ஆயில்யம்."

கால்கள் எழுந்தன. அவள் எழவில்லை, கால்கள்தான் எழுந்தன. செருப்பு கழன்றது. புல் குளிர்ந்தது. கத்தினாள், சத்தம் வரவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. தார்ப்பாய் நெருங்கியது. அங்கே அக்கா நின்றாள், சட்டையை விரித்துப் பிடித்தபடி.

"அக்கா." இது மட்டும் எப்படியோ வெளியே வந்தது.

"என்னப் பாக்காத மக்கா." அம்மிணி சட்டையைத் தன் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். "ஒரு வருசமா அவரு இதுக்குள்ள கெடக்காரு. வேற யாரும் எனக்காக வரமாட்டாங்க. நீ மட்டும்தான் கேட்ட உடன வருவ."

கேட்ட உடனே வந்திருந்தாள்.

தார்ப்பாய்க்குள் இருட்டு. வெளியே இல்லாத நாற்றமெல்லாம் இங்கே இருந்தது. கதவு திறந்தது. நாலு காலில் ஒருவர் அவளை உரசிக்கொண்டு வெளியே போனார். கதவு மூடியது. பக்கத்துக் கூட்டில் பொன்னப்பன், கம்பியைப் பிடித்தபடி. அதற்கு அப்பால் இன்னொருவர். அதற்கும் அப்பால். எல்லோருடைய வாயும் மேலே பார்த்துத் திறந்திருந்தது.

ராகம் தொடங்கியது.

மேடையிலிருந்து அல்ல. இங்கிருந்து. கூட்டுக்குக் கூடு, தொண்டைக்குத் தொண்டை. அவள் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கிடையே கசிந்தது. பல்லைக் கடித்தாள். மூக்கின் வழியே வந்தது. கையை எடுத்தாள். பதினோரு வருடத்துப் பாட்டு ஒரே மூச்சில், சொல்லில்லாமல், அவளை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது.

காற்று தார்ப்பாயைத் தூக்கியது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. முன்வரிசைப் பெண்கள் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்கள். அம்மிணி புல்லில் உட்கார்ந்து அத்தானுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். இலையப்பத்தைப் பிரித்து வைத்தாள். அவர் கையால் எடுக்கவில்லை. குனிந்து, இலையோடு சேர்த்துக் கவ்வினார். அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்த அக்காவின் கை, பாட்டில் தங்கையின் குரல் கலந்ததும் ஒரு கணம் நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. அத்தானின் முதுகிலேயே, விரல்களால் மெல்ல, பழைய வழக்கம்போலத் தாளம் போட ஆரம்பித்தாள்.