முடிச்சு கீதாண்ணே?

இப்போது மலை ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. முன்னால் போகிறவன் முதுகைப் பார்ப்பதில்லை, பின்னால் வருகிறவன் மூச்சைக் கேட்பதில்லை. கையில் போனைப் பிடித்துக்கொண்டு தன் மூஞ்சியையே பார்த்தபடி ஏறுகிறான். கூட வந்தவள் பள்ளத்தில் விழுந்தால் அதையும் படம் பிடிப்பான்.

எங்கள் ஆட்கள் கல்வராயன் மலைச் சாமியைக் கும்பிட ஏறுவதென்றால் இரண்டிரண்டு பேராகத்தான். முன்னால் போகிறவன் இடுப்புத் துண்டின் நுனியையும் பின்னால் வருகிறவன் துண்டின் நுனியையும் சேர்த்து ஒரு முடிச்சு. சாமி கல்லுக்கு முன்னால் போய்த்தான் அதை அவிழ்க்க வேண்டும். நடுவழியில் அவிழ்த்தால் பின்னால் வந்தவன் அந்த வழியிலேயே நின்றுவிடுவான் என்பார்கள். நான் அதை நம்பியதில்லை. பேயையும் நம்புவதில்லை, பூசாரியையும் நம்புவதில்லை. வழுக்கினால் இழுத்துப் பிடிக்கலாம், அதற்குத்தான் முடிச்சு என்பது என் கட்சி.

நானும் கொளஞ்சியப்பனும் முப்பது வருஷம் அப்படி ஏறினோம். நைனார்பாளையத்தில் என் நிலத்துக்கு அடுத்த நிலம் அவனுடையது. டிராக்டர் ஏறிய இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். அதனால் எப்போதும் நான் முன்னால், அவன் பின்னால். முடிச்சு இருக்கிறதா என்று பத்தடிக்கு ஒரு தரம் கேட்பான்.

“முடிச்சு கீதாண்ணே?”

“கீதுடா. நட.”

மலை முடியும்வரை வேறு பேச்சே கிடையாது.

போன வருஷம் வடக்கே பனிமலை யாத்திரைக்கு ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் போனோம். அங்கேயும் நானும் அவனும் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் ஏறினோம். பதினேழு பேர் திரும்பினோம். தீவிரவாதிகள் சுட்டதில் கொளஞ்சியப்பன் செத்துப்போனான். துண்டு கிழிந்துவிட்டது, பின்னால் ஓடி வருகிறான் என்றுதான் நினைத்தேன் என்று ஊரில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர்கள்கூட உண்டு.

வருஷத் திதி முடிந்த மறுவாரம் அவன் பெண்சாதி பாப்பாத்தி வந்து கூப்பிட்டாள். “மலைக்குப் போவணும் மாமா. நீங்களும் வரணும்.” மறுக்க என்ன காரணம் சொல்வது? கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, வெள்ளிமலையில் இறங்கும்போது காலை பதினோரு மணி. அவள் மகன் வெங்கடேசனும் கூட வந்தான். மழை இல்லை. ஆனால் மலையின் மேல் பாதியைக் காணோம், வெறும் மூட்டம்.

டீக்கடையில் உட்கார்ந்தோம்.

“பெரியப்பா, நீங்க இங்கயே குந்திக்கினு இருங்க. இந்த மூட்டத்துல வந்தா உங்களையும் சேத்துத் தூக்கினு எறங்கணும்” என்றான் வெங்கடேசன்.

“உங்கொப்பனை முப்பது வருஷம் இழுத்துக்கினு ஏறினவன்டா நானு. நீ மொதல்ல போனை உள்ள வை.”

அவன் சிரித்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனான். எனக்கு டீ கசந்தது.

மகன் நகர்ந்ததும் பாப்பாத்தி குனிந்து கேட்டாள். “மாமா, துண்டு கிழிஞ்சுதா, இல்ல அவுத்ததா?”

“கிழிஞ்சுது. எத்தினி வாட்டி சொல்றது?”

“கிழிஞ்சிருந்தா ஒண்ணும் இல்ல. அவுத்திருந்தாதான். அவுத்தவங்களே மறுபடி முடிஞ்சு, கல்லு வரைக்கும் இட்டுக்கினு வரணும். இல்லன்னா அவரு அங்கியே பனியில நின்னுக்கினு இருப்பாரு.”

“கிழிஞ்சுதுன்னு சொல்றேன் இல்ல?”

மடியிலிருந்த மஞ்சள் பையைத் திறந்து காட்டினாள். நீலக்கரைத் துண்டு. கொளஞ்சியப்பனுடையது. பிணப்பெட்டியோடு வந்தது, துவைக்காமல் வைத்திருந்தாள். நான்கு மூலையும் முழுசாக இருந்தன.

அவள் அதை மடித்து உள்ளே வைத்து, பையின் காதுகளைச் சேர்த்து இறுக்கி முடிந்துகொண்டு எழுந்தாள்.

வெங்கடேசன் முன்னால், நடுவில் அவள், கடைசியில் நான். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

அரை மணி நேரம் ஏறியிருப்போம். மூட்டம் இறங்கிப் பாதையை மூடியது. பாப்பாத்தியின் சேலை வெறும் நிழலாகத் தெரிந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த குருவிகள் ஒரேயடியாக அடங்கின. அழுகிய பலாப்பழ வாடைதான் இந்தப் பருவத்தில் அந்தப் பாதையில் வரும். அன்றைக்கும் வந்தது. பிறகு அது போய், வேறு ஒரு நாற்றம் வந்தது.

குதிரைச் சாணி.

கல்வராயன் மலையில் குதிரை ஏது?

காதும் மூக்கும் குளிர்ந்து மரத்தன. அந்தக் குளிர் எனக்குத் தெரியும். ஒரே ஒரு இடத்தில்தான் அதை உணர்ந்திருக்கிறேன்.

பின்னால் சருகு சத்தம். ஒரு கால் ஊன்றுகிறது. ஒரு கால் இழுபடுகிறது.

ஊன்றுகிறது. இழுபடுகிறது.

நான் நின்றேன். அதுவும் நின்றது.

“முடிச்சு கீதாண்ணே?”

காதுக்குப் பின்னால் ஒரு முழத்தில்.

முப்பது வருஷப் பழக்கம். வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது.

“கீதுடா. நட.”

இடுப்புத் துண்டு பின்னால் இழுத்து விறைத்தது.

பனிமலையில் அன்றைக்கும் இதையேதான் சொன்னேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மேலேயிருந்து படபடவென்று சத்தம் வந்தபோது எவனோ பட்டாசு வெடிக்கிறான் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் போன வடநாட்டு அம்மாள் அப்படியே உட்கார்ந்தாள், எழவில்லை. துண்டு வெடுக்கென்று இழுத்தது. திரும்பினால் கொளஞ்சியப்பன் தொடையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அவன் மூக்குக்கண்ணாடி எங்கோ போய்விட்டது. அது இல்லாமல் அவனுக்கு எதுவும் தெரியாது. என் பக்கம் கையைத் துழாவிக்கொண்டு கேட்டான், முடிச்சு கீதாண்ணே என்று.

கீதுடா என்றேன். சொல்லும்போதே என் விரல்கள் அதை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

ஓடிய என்னை ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்துப் போட்டவர் அந்த ஊர்க் குதிரைக்காரர். காலையில் எங்கள் முடிச்சைப் பார்த்துச் சிரித்தவர். பாஷை தெரியாது. இரண்டு விரலைக் காட்டினார், இன்னொருவர் எங்கே என்று. நான் மட்டும்தான் என்று ஒற்றை விரலைக் காட்டினேன். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, குனிந்தபடி அவரே வெளியே ஓடினார். கொளஞ்சியப்பனை முதுகில் போட்டுக் கொண்டுவந்தபோது உடம்பில் சூடு இருந்தது. உயிர்தான் இல்லை.

மூட்டத்துக்குள் மீதி மலையை எப்படி ஏறினேன் என்று தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை. துண்டு விறைத்தபடியே வந்தது. வழுக்குகிற இடங்களில் மட்டும் கனத்தது, ஓர் ஆள் கனம்.

கல்லுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பிய வெங்கடேசன் அப்படியே நின்றான்.

“பெரியப்பா, உங்க பின்னால இன்னா அது?”

என் துண்டின் நுனியில் ஒரு நீலக்கரைத் துண்டு முடிந்திருந்தது. மறு நுனி தரையில் கிடந்தது.

பாப்பாத்தி மஞ்சள் பையைத் தடவினாள். காதுகளில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பை தட்டையாக இருந்தது.

“எவன்டா முடிஞ்சது? வயசானவன்கிட்ட விளையாட்டா?” என்று கத்தினேன்.

“நான் முன்னால போய்க்கினு இருந்தேன். நான் எப்டி?” என்றான் வெங்கடேசன்.

“கல்லுக்கு வந்தாச்சு” என்றாள் பாப்பாத்தி. “அவுத்து வுடுங்க மாமா.”

குனிந்து விரலை வைத்தேன். ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒரு நொடியில் அவிழ்த்த அதே விரல்கள்தான். நகம் பெயர்ந்தது, முடிச்சு நெகிழவில்லை. பல்லால் கடித்தேன். பல் கூசியது.

“வரல” என்றேன். அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை. “நான்தான் அவுத்தேன். கிழியல. நான்தான்.”

“தெரியும்.” பாப்பாத்தி காலிப் பையை மடித்தாள். “கேட்டாரா? எப்பவும் கேப்பாரே.”

“கேட்டான்.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“கீதுன்னேன்.”

கற்பூரம் அணைந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள். “அப்ப நீங்க பக்கத்துல கீறீங்கன்னு நம்பிக்கினேதான் செத்திருப்பாரு.”

அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் துண்டை இடுப்பிலிருந்து உருவி, இரண்டையும் முடிச்சோடு கல்லின் மேல் போட்டேன். “ஈரத்துல நூலு இறுகிக்கிச்சு. வேற ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குக் காத்திராமல் இறங்கினேன்.

பேயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பஸ்ஸில் நான் தூங்கும்போது பாப்பாத்தி முடிந்திருப்பாள். டீக்கடையில் அந்தத் துண்டைப் பைக்குள் பார்த்தாயே என்று மனசு கேட்டது. கிழவன் கண், அதையும் நான் நம்புவதில்லை.

பாதி மலை இறங்கியபோது வேட்டி நுனி பின்னால் இழுத்தது. திரும்பாமல் கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். ஒரு முடிச்சு. ஐஸ் மாதிரி. எதோடு சேர்த்து முடிந்திருக்கிறது என்று மேலே தடவிப் பார்க்கவில்லை.

முள்செடி மாட்டியிருக்கும். அப்படித்தான் சொல்லிக்கொண்டு நடந்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான். அவனுக்குக் கால் இழுக்கும்.