பாத்தி விழுந்த மலை

திண்டிவனத்தில் ஒரு மலை திருடு போய்விட்டது என்று திங்கட்கிழமை காலை புகார் வந்தது. விழுப்புரம் சைபர் பிரிவு எஸ்.ஐ. ஜெசிந்தா அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள்.

காலை 11:10.

உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனி. வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் இரண்டு செல்போன்கள்.

"ஸ்டாஃப் போன் உள்ள வரக் கூடாது மேடம். ரூல்ஸ்," என்றார் முதலாளி செல்வகுமார். அவருடைய போன் மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கேமுக்காக ஆறு மாதமாக இங்கே ஒரு மலைத்தொடர் உருவாகி வந்தது. நேற்று காலை பெயர் தெரியாத யாரோ அதை ஓர் இணையதளத்தில் விற்பனைக்குப் போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்று அந்த இணையதளம் பதில் சொல்லப் பதினைந்து நாளாகும்.

மலையைச் செய்தவள் கலைமதி. ஓமந்தூர்ப் பக்கம், வயது இருபத்திரண்டு. சனிக்கிழமை மதியம் 1:10-க்கு அவள் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகிய பதிவு இருந்தது.

"அந்நேரம் எங்கம்மா இருந்த?"

"கீழ சாப்ட்டுக்கினு இருந்தேன் மேடம்." தரையைப் பார்த்தே பதில் வந்தது.

"கூட யாரு?"

"நான்தான்," என்றான் அங்கே வேலை பார்க்கும் இன்னொருவன், தேவா. "நடுவுல கை கழுவப் போய் பத்து நிமிஷம் ஆயிடுச்சு. திரும்பி வந்தா என் டப்பாவுல இருந்த முட்டையக் காணோம். அதுக்கும் ஒரு கேஸ் போடுங்க மேடம்."

"முட்டைய நான்தான் தின்னேன்," என்றாள் கலைமதி மெதுவாக. "மலைய எடுக்கல."

"சார், நீங்க?"

"நான் என் ரூம்லயே இருந்தேன்," என்றார் செல்வகுமார். "நான் இன்னா சொல்றேன்னா மேடம், ஜெயிலெல்லாம் வேணாம். சின்னப் பொண்ணு. இங்கயே இருந்து இன்னும் ரெண்டு மலை முடிச்சுக் குடுக்கட்டும். புகார வாபஸ் வாங்கிக்கறேன்."

கலைமதி நிமிர்ந்தாள். "புதன்கிழமை நான் சென்னையில வேற கம்பெனியில சேரணும் மேடம். என் சர்டிபிகேட் எல்லாம் சார் பீரோவுல இருக்குது. ஒரு மாசமா கேட்டுக்கினே இருக்கேன்."

பகல் 12:05.

இன்ஸ்பெக்டர் போனில் வந்தார். "பென் டிரைவ் பதிவு இருக்குதில்ல? அப்பறம் இன்னா? சாயங்காலத்துக்குள்ள பொண்ண அழைச்சிக்கினு வந்துடு."

கூட்டிப்போவது பெரிய வேலையில்லை. ஆனால் ஸ்டேஷன் படி ஏறியவளை எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்? ஜெசிந்தா ஒரு நாற்காலியைக் கலைமதியின் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அந்த மலைய எப்படித்தான் செய்யறே? காட்டு."

கலைமதி ஒரு படத்தைத் திறந்தாள். மலை எங்கே? நனைந்த சுவரில் பூஞ்சை பிடித்த மாதிரி வெறும் சாம்பல் நிறம்.

"வெள்ளையா இருக்கறது உச்சி, கறுப்பு பள்ளம். நடுவுல இருக்கிற சாம்பல் எல்லாம் சரிவு. இத உள்ள போட்டா கம்ப்யூட்டரே மேடு பள்ளமா தூக்கிக் காட்டும்."

ஒரு பட்டனை அழுத்தினாள். சாம்பல் நிறம் மெல்ல எழுந்தது. வழவழவென்று இறங்கும் சரிவுகளோடு ஒரு மலைத்தொடர் நின்றது. ஜெசிந்தா வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"இப்ப விக்கறதுக்குப் போட்டிருக்கிற படத்தத் தூக்கு."

எழுந்தது அதே மலைதான். ஆனால் உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக, படிப்படியாக இருந்தது.

"இன்னாம்மா இது, மல்லாட்டைக் கொல்லையில பாத்தி கட்டின மாதிரி?"

கலைமதியின் முகம் சுருங்கியது. தன் பிள்ளையை யாரோ அடித்துப்போட்டதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்லேர்ந்து வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா இப்படி ஆயிடும் மேடம். என் ஃபைல்ல சாம்பல் நிறத்துக்கு அறுபத்தஞ்சாயிரம் படி இருக்குது. போட்டோவுல எரநூத்தி அம்பத்தாறுதான். அதையும் கட்டங்கட்டமா நசுக்கிடும். வெறும் படமாப் பாத்தா தெரியாது."

"போட்டோவா யாருக்கு அனுப்புவ?"

"சனிக்கிழமை சனிக்கிழமை, எவ்ளோ முடிஞ்சுதுன்னு காட்ட..." அவள் கண் முதலாளியின் ரூம் பக்கம் போனது.

மதியம் 1:25.

மூவரையும் உட்காரவைத்து ஜெசிந்தா நின்றபடியே பேசினாள்.

"பென் டிரைவ்ல போயிருந்தா முழு ஃபைல் போயிருக்கணும். வித்தது முழு ஃபைல் இல்ல, நசுங்கின போட்டோ. அப்ப பென் டிரைவ்ல எதுவும் போகல. அத சும்மா செருகி எடுத்திருக்காங்க, பதிவு விழணும்னு. கலைமதியும் தேவாவும் இந்தப் போட்டோவ விக்க மாட்டாங்க. ஒழுங்கான ஃபைல் கையிலேயே இருக்குது. இது கெட்டுப்போனதுன்னும் ரெண்டு பேருக்கும் தெரியும். தெரியாம வித்தவரு, மலைய எப்பவும் போன்ல படமா மட்டுமே பார்த்தவரு. சனிக்கிழமை ரூம்ல தனியா இருந்தவரு. செல்வகுமார் சார், போனக் குடுங்க."

செல்வகுமாரின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. "என் மலைய நானே எதுக்கு மேடம் திருடணும்?"

"மலைக்காக இல்ல. மலை செய்யறவள நிறுத்தி வெக்க. புகார் ஒண்ணு தலைக்கு மேல தொங்கினா அவ எங்கயும் போக மாட்டா."

ஜெசிந்தா நீட்டிய கையை மடக்கவில்லை; கடைசியில் அவர் கொடுத்த போனில், மலையை விற்பனைக்குப் போட்ட கணக்கின் மெயில் இருந்தது. அவர் நாற்காலியில் சரிந்தார்.

"அவ போயிட்டா இங்க மலை போட ஆளே இல்ல மேடம்," என்றார். "கெஞ்சிப் பாத்தேன். கேக்கல."

"எப்ப சார் கெஞ்சினீங்க?" என்றாள் கலைமதி. அன்று முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "பீரோவப் பூட்டினதா கெஞ்சறது?"

2:10.

பீரோ திறந்தது. சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டு, வாசலில் இருந்த போனை எடுத்துப் பார்த்தாள் கலைமதி. அப்படியே நின்றுவிட்டாள். சென்னையிலிருந்து காலையிலேயே மெயில் வந்திருந்தது: அவள்மீது புகார் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறதாம், வேலையில் சேர்வதை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

"அங்கயும் சொல்லிட்டீங்களா சார்?" என்றான் தேவா.

"நான் லெட்டர் தர்றேன்," என்றாள் ஜெசிந்தா. "கையெழுத்து, சீல் எல்லாம் போட்டு." தாளை எடுத்து வேகமாக எழுதினாள்: 'மேற்படி கலைமதி மீது கூறப்பட்ட திருட்டுப் புகார் பொய்யானது என...'

கலைமதி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"மேடம், திருட்டுங்கற வார்த்தையே இல்லாம எழுத முடியுமா? பொய்னு போட்டாலும், என் பேரு பக்கத்துல அந்த வார்த்தைதான் முதல்ல கண்ணுல படும்."

ஜெசிந்தாவின் பேனா நின்றது. அந்தத் தாளை நான்காகக் கிழித்தாள். இன்னொரு தாளை எடுத்து, முதல் வரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.