வடக்கு வீதியில் எட்டுப் பாய்ச்சல்

வெண்மதியின் வீட்டில் யாரும் இதுவரை கோயிலை இடமாகச் சுற்றியதில்லை. சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகள். கீழ வீதியில் வீடு. அங்கிருந்து புறப்பட்டால் தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று வலமாகத்தான் வருவார்கள். அவசரம் என்றாலும் அப்படித்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும் வெண்மதி ஓட்டப் பயிற்சி எடுத்ததும் அந்த வழியில்தான். விடியற்காலையில் அவள் ஓடுவாள். பெரியப்பா இளவரசு கழுத்தில் விசிலோடு சைக்கிளில் பின்னால் வருவார்.

மூன்று வீதிகளை நிதானமாக ஓடி முடித்ததும் வடக்கு வீதியில் எட்டுப் பாய்ச்சல். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை தலைதெறிக்க ஓட வேண்டும். அதற்கடுத்த கம்பம் வரை மெதுவாக ஓடி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பள்ளியில் ஜெயராணி டீச்சர் இதை ‘இன்டர்வல்’ என்பார். மற்ற வீதிகளில் பூக்கூடைகளும் வண்டிகளும் குறுக்கே வரும். வடக்கு வீதிதான் அந்த நேரத்தில் காலியாக இருக்கும்.

பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஒத்திகை ஓட்டம் நடந்தது. கடலூரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு ஒருத்திதான் போகலாம். வெண்மதிதான் முன்னால் ஓடினாள். ஆனால் கடைசி நூறு மீட்டரில் கால் எழவில்லை. காயத்ரி பாய்ந்து வந்து ஒரு முழம் முந்திவிட்டாள்.

“இது ஒத்திகைதான்,” என்றார் டீச்சர். “அடுத்த சனிக்கிழமை மறுபடி ஓடணும். அதுல ஜெயிக்கிறவதான் கடலூர் போவா.”

வீட்டில் இதைக் கேட்டதும் பெரியப்பாவுக்கு முகம் இறுகிவிட்டது. “பாய்ச்சல் பத்தல. நாளையிலேர்ந்து பன்னெண்டு!”

மறுநாள் ஐந்தாவது பாய்ச்சலிலேயே வெண்மதியின் கால்கள் நனைந்த சாக்கு போலாகிவிட்டன. பால்காரர் சாமிக்கண்ணு சைக்கிளில் அவளைத் தாண்டிப் போனார்.

“என்ன பாப்பா, நடக்கப் பழகுறியா?”

வெண்மதிக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லையே!

“பெரியப்பா, மூணு வீதி ஓடிட்டு வந்தா கால் களைச்சுப் போவுது. களைச்ச காலோட பாய்ஞ்சா வேகமே வர மாட்டேங்குது. முதல்லயே பாய்ஞ்சா என்ன?”

“அதுவும் சரிதான்,” என்றார் பெரியப்பா.

அடுத்த நாள் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்து வடக்கு வீதிக்கு அழைத்துப் போனார். சைக்கிளும் வலமாகத்தான் போக வேண்டும் என்று மூன்று வீதிகளையும் மிதித்தே சுற்றினார். போய்ச் சேர்ந்தபோது அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

அவர் விசில் ஊதினார். வெண்மதி பாய்ந்தாள். இரண்டாவது பாய்ச்சலிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

“ஐயோ!” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாமிக்கண்ணு பால் கேனோடு வந்து நின்றார். “எந்திரிச்ச உடனே பாய்ஞ்சா கால் பிடிக்காம என்ன செய்யும்? வீட்டுலேர்ந்து நேரா வடக்கால ஓடி வரட்டும், ஐயா. கீழ வீதி ஒண்ணுதானே? கால் சூடாயிடும், களைக்காது.”

“அப்படி வந்தா கோயிலை இடமா சுத்துன மாதிரி,” என்று நிமிர்ந்தார் பெரியப்பா. “எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல.”

“அப்ப கடலூருக்கு வேற பொண்ணு போவட்டும்,” என்று சொல்லிவிட்டுச் சாமிக்கண்ணு கிளம்பினார்.

வெண்மதி காலைத் தேய்த்துக்கொண்டே வீதியின் இரு முனைகளையும் பார்த்தாள். களைக்கவும் கூடாது. குளிர்ந்த காலோடு பாயவும் கூடாது. பாய்ச்சலுக்கு முன்னால் ஒரே ஒரு வீதி போதும். வடக்கு வீதிக்கு முந்தைய வீதி எது?

“பெரியப்பா! நம்ம வீட்டுல வலமாத்தான் சுத்தணும், இல்லையா?”

“ஆமா.”

“ஆனா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு யாராவது சொல்லியிருக்காங்களா?”

பெரியப்பா தலையைச் சொறிந்தார். “...இல்லியே.”

“அப்ப தெற்கு வீதி முடியுற வரைக்கும் என்னைச் சைக்கிள்ல கொண்டு போங்க. மேல வீதி முனையில இறங்கிக்கிறேன். மேல வீதி முழுக்க மெதுவா ஓடுறேன். வடக்கு வீதியில பழையபடி எட்டுப் பாய்ச்சல் போதும். அப்புறம் கீழ வீதியில ஆற அமர ஓடி வீட்டுக்கு வந்துடுறேன். எல்லாமே வலந்தான்!”

பெரியப்பா விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். எங்கேயும் தப்பு கிடைக்கவில்லை.

கால்வலி தீர ஒரு நாள் ஓய்வு. அதன் பிறகு தினமும் புது முறைதான். மேல வீதியில் உடம்பு சூடேறியது. வடக்கு வீதியில் எட்டாவது பாய்ச்சலும் முதல் பாய்ச்சலைப் போலவே பறந்தது. சாமிக்கண்ணு எவ்வளவு மிதித்தும் அவளை முந்த முடியவில்லை.

சனிக்கிழமை, கடைசி நூறு மீட்டரில் காயத்ரியின் காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. வெண்மதி மனத்தில் ஒரு விளக்குக் கம்பத்தை நட்டுக்கொண்டு பாய்ந்தாள். இந்த முறை அவள் நான்கு முழம் முன்னால்!

“எப்படிடி?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள் காயத்ரி.

“நாளைக்குக் காலையில மேல வீதி முனைக்கு வா, சொல்றேன்,” என்றாள் வெண்மதி.

கடலூர் மைதானத்துக்குப் பெரியப்பா சலவை வேட்டியில் வந்திருந்தார். பாதையில் ஓடிக்கொண்டிருந்த பெரிய பெண்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“என்னம்மா இது? எல்லாரும் இடமா சுத்துறாங்களே!”

வெண்மதி ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். “நடுவுல கோயில் இல்லையே பெரியப்பா.”

பெரியப்பா மைதானத்தின் நடுவே நன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த விசிலை எடுத்துத் துடைத்தார்.

“சரி, ஓடிட்டு வா.”

அன்று சாயங்காலம் கீழ வீதியில், வெண்மதியின் தங்கப் பதக்கத்தைக் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் பெரியப்பா காட்டினார். “ரெண்டு சுத்து. இடமாத்தான் ஓடுனா. நடுவுல கோயில் இல்ல, நானே பார்த்தேன்.”