சுவருக்குள் போன கம்பி

கம்பி கிட்டத்தட்ட முழுக்கச் சுவருக்குள் போய்விட்டது. மேலே வந்து சேரவில்லை.

கீழறை ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டையில்தான் வயர்மேன் ஸ்பிரிங் கம்பியை விட்டான். மாடியில் ஏணிமேல் நிற்கும் மைத்துனன் அதன் நுனியைப் பிடித்து, புது வயரைக் கட்டிக் கீழே அனுப்ப வேண்டும். இரண்டு ஆள் உயரப் பாதை. தெருவின் அந்தப் பக்கம்வரை எட்டுகிற கம்பியை விழுங்கிவிட்டு, இந்தப் பாழாய்ப்போன சுவர் இன்னும் கேட்கிறது.

காலையிலிருந்தே இந்த வீடு உயிரை வாங்கியது. தொட்டால் உதிரும் பழைய வயர், கருகிய பிளாஸ்டிக் நாற்றம், மூக்கை அடைக்கும் சுண்ணாம்புத் தூசி. இதில் வீட்டுக்காரர் வேறு ஓயாமல் போன் போட்டு முடிந்ததா என்கிறார். மனைவியோ தம்பியை அனுப்பும்போதே, “அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க வீட்டுப் பக்கமே வராதீங்க” என்று சொல்லிவிட்டாள். அதற்காகவே மெயின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

“வந்துச்சாடா?”

“வரல மாமா.”

“கண்ணைத் தொறந்து பாரு.”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். தூங்கவா வந்தேன்?”

எரிச்சலோடு கம்பியைத் திருகினான். குழாயில் உரசும் கரகரப்பு இல்லை. ஈரமான எதிலோ வழுக்கிக்கொண்டு போகும் சத்தம் சுவருக்குள் கேட்டது. பிறகு கம்பி அவன் பிடியிலிருந்து மெல்ல நழுவி மேலே போயிற்று.

“பிடிச்சா பிடிச்சேன்னு சொல்ல வாய் வலிக்குதா?”

“நான் எங்க பிடிச்சேன்? இருங்க, விரலை விட்டுப் பார்க்கிறேன்.” ஏணி கிரீச்சிட்டது. “ம், கிடைச்சிருச்சு.”

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

“மாமா.” குரல் தணிந்திருந்தது. “நான் பிடிக்கல. அதுதான் என்னைப் பிடிச்சிருக்கு.”

விளையாடுகிற நேரமா இது? நன்றாகத் திட்ட வேண்டும் என்று நினைத்தபடியே மாடிக்கு ஓடினான்.

மைத்துனன் ஏணியில் நுனிக்காலில் நின்றான். ஒரு விரல் மட்டுமே நுழையக்கூடிய ஓட்டை. அதற்குள் அவன் கை முழங்கைவரை போயிருந்தது. ரத்தம் இல்லை.

“வலிக்குதாடா?”

“இல்ல. இழுக்குது. கீழ யாரு மாமா?”

இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தான். நகரவில்லை. தோள்பட்டை சுவரில் ஒட்டியது. வயர்மேனுக்கு அழுகை வந்துவிட்டது. கம்பியை வெட்டினால்தான் உண்டு.

கீழே ஓடினான். கட்டிங் பிளேயர். போர்டு. ஓட்டை.

கம்பி இல்லை.

ஒரு விரல் வெளியே வந்தது. இன்னொன்று. பிறகு ஐந்தும் விரிந்து, காற்றில் துழாவின.

“மாமா,” என்றான் மைத்துனன், மாடியிலிருந்து. “என் கை வெளியில வந்துடுச்சு. பிடிச்சுக்குங்க.”