கீழத்தெரு இல்லாத படம்

படத்தின் வானத்தில் அரசப்பன் வைக்காத சாம்பல் நிறம் படர்ந்துகொண்டிருந்தது. தட்டில் அவன் கரைத்து வைத்திருந்தது நீலமும் பச்சையும் காவியும் மட்டும்தான். பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தான். அந்த இடம் காய்வதற்குள், பண்ணை வீட்டுக்குக் கிழக்கே, சாம்பல் மறுபடி எழுந்தது.

கீழ்வேளூர்ப் பக்கத்தில் இருந்த அந்தக் கிராமத்துக்கு அவனைக் காலையில் காரில் அழைத்து வந்தவர் பண்ணையார் துரைராசு. மாடி வீடு, நெல் கொட்டும் களஞ்சியம், வாய்க்கால், அறுவடைக்கு நிற்கும் சம்பா வயல், எல்லாம் வாட்டர் கலரில் வேண்டும் என்றார். நாளை விசாரணைக்கு வரும் அதிகாரிகள் உட்காரும் கூடத்தில் அந்தப் படம் தொங்க வேண்டும். கிழக்கே கருகிக் கிடந்த திடலைக் கை காட்டினார்.

"அங்க தெருவே கிடையாது. வயலா போட்டுருங்க."

அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டாவது சம்பா அது. கூலி கூட்டிக் கேட்டவர்களின் கீழத்தெரு ஆட்களோடு எரிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அரசப்பனுக்கும் தெரியும். தெரிந்தும் பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் பண்ணையின் காரியக்காரர் இராஜாங்கம் மூங்கில் தடியோடு நின்றுகொண்டிருந்தார்.

வெயில் சாயச் சாய, வாய்க்காலின் பாசி வாடைக்கும் முற்றிய கதிரின் வாடைக்கும் அடியிலிருந்து கூரை தீய்ந்த நெடி மெல்ல ஏறி, அவன் தொண்டையில் ஒட்டி, குவளைத் தண்ணீரைக் கறுக்க வைத்து, அதில் தோய்த்த பச்சையையும் விடாமல் தொற்றிக்கொண்டு வந்தது. வயல் என்று அவன் இழுத்த கோடுகள் காயும்போது கூரைகளாயின. ஒரு முருங்கை மரம். ஒரு மண்சுவர். ஒரு கதவு, வெளியே நாதாங்கி மாட்டியபடி.

"என்னய்யா இது?"

"நான் போடலீங்க."

இராஜாங்கம் குனிந்து பார்த்தார். வெற்றிலை மெல்லுவது நின்றது.

"வெளியில நாதாங்கி போட்டிருந்தத ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

"அப்ப எப்படி வரைஞ்ச?"

அவர் தடியை இடுக்கிக்கொண்டு வலது உள்ளங்கையை வேட்டியில் தேய்த்தார். நாதாங்கியை மாட்டிய கை அதுதான் என்று அரசப்பனுக்குப் புரிந்துவிட்டது.

"பச்சையப் பூசு. பூசி மறைச்சிடு."

தட்.

சத்தம் மடியில் இருந்த பலகைக்குள்ளிருந்து வந்தது. தட். தட் தட்.

"காத்து" என்றார் இராஜாங்கம்.

காற்றே இல்லை. வயலில் ஒரு கதிர்கூட அசையவில்லை.

அரசப்பன் எழப் பார்த்தான். தடி தோளில் அழுந்தியது. உட்கார்ந்தான். தூரிகையைப் பச்சையில் தோய்த்தான். கதவின் மேல் வைத்தான்.

காகிதம் சுட்டது.

ஈரத்தில் உப்பியது. ஒரு சின்ன மேடு. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. ஐந்து. குழந்தை விரல்கள். காகிதத்துக்கு அடியில் நகர்ந்தன. நாதாங்கியைத் தேடித் தடவின.

கிடைக்கவில்லை.

அவன் கை பச்சையை இழுத்தபடியே இருந்தது. விரல்கள் நின்றன. பிறகு ஈரக் காகிதத்தோடு வளைந்து எழும்பி, தூரிகையின் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டன.